சோளத்துக்குள் அவள் குரல்

"பாப்பா... வாடா கண்ணு. சாப்பாடு ஆறுது பார்."

அடுப்படியில் நின்றிருந்தவளின் காதில் அந்தக் குரல் தெளிவாக விழுந்தது. ஆரம்பத்தில் இழுத்து, கடைசியில் கொஞ்சலாக வளைகிற குரல். சந்தேகமே இல்லை, அவளுடைய குரல்தான். ஆனால் அவள் வாயைத் திறக்கவே இல்லை.

கையிலிருந்த கரண்டி சட்டிக்கு மேலே அப்படியே நின்றது. சட்டியில் காய் கொதிக்கும் சத்தம், பின்வாசல் குழாய் சொட்டும் சத்தம், எங்கோ ஒரு கதவு காற்றில் இடித்துக்கொள்ளும் சத்தம், இவ்வளவுதான் இருந்தன. சூரியன் இறங்கிவிட்ட நேரம். ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளக் காடு கறுத்துக்கொண்டிருந்தது. தோகைகளின் நுனியில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிரமை என்று நினைத்து அவள் கரண்டியைச் சட்டியில் விட்ட நேரத்தில் மறுபடியும் கேட்டது. இந்த முறை முதலில் இரண்டு தட்டு. கரண்டியைப் பாத்திர விளிம்பில் தட்டும் சத்தம். டங், டங். மகளைக் கூப்பிடும் முன் அவள் தினமும் அப்படித்தான் தட்டுவாள். அதற்குப் பிறகு அதே அழைப்பு, அதே இழுப்பு, அதே கொஞ்சல். சோளக் காட்டின் இடதுகோடியிலிருந்து வந்தது. முதல் தடவை கேட்டது இதைவிடத் தூரத்திலிருந்து.

அவளுக்கு விஷயம் புரிந்தது, கணவர் வயல்களில் வைக்கும் பேசும் பெட்டிதான். புரிந்ததும் பயம் போய் எரிச்சல் வந்தது. போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, வெளியில என் குரல் கேக்குது."

மறுமுனையில் வண்டி ஓடும் இரைச்சல். தலைமை அலுவலகத்துக் கூட்டம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். "கேட்டுடுச்சா?" என்று சிரித்தார். "இன்னிக்குக் காலையிலதான் நம்ம வீட்டுப் பக்கத்து வரப்புக்குப் பெட்டியெல்லாம் மாத்தி வச்சோம். சொல்லணும்னு நினைச்சேன், மறந்துட்டேன்."

"என் குரலை எப்ப எடுத்தீங்க?"

"ஒருநாள் நீ பாப்பாவைக் கூப்பிட்டப்ப. போன் கையில இருந்துச்சு."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"கேட்டா நீ இப்படிக் கூப்பிடுவியா? மைக்கைப் பார்த்த தலைவர் மாதிரி ஆயிடுவ. வாத்தியார் குரலை வச்சுப் பார்த்தாச்சு, நியூஸ் வாசிக்கிற ஆளு குரலை வச்சுப் பார்த்தாச்சு. ஒரு பன்னி காதை ஆட்டல. உன் குரலுக்குத்தான் ஓடுச்சு."

"நான் பெருமைப்படணுமா?"

"படு, தப்பில்ல. இந்தத் தடவை ஒருத்தன்கூட வெடி வைக்கல, விஷம் வைக்கல. சோளமும் நிக்குது, பன்னியும் உசுரோட இருக்கு. எல்லாம் உன்னாலதான்."

வனத்துக்கும் வயலுக்கும் நடுவே நடக்கும் சண்டையைத் தீர்த்துவைப்பதுதான் அவருடைய வேலை. ஊரில் 'பன்னி ஆபீசர்' என்றால்தான் தெரியும். போன வருடம் யாரோ தீனி உருண்டைக்குள் வெடி வைத்து ஒரு காட்டுப்பன்றியின் கீழ்த்தாடையைப் பெயர்த்துவிட்டார்கள். அது சாகவில்லை. பல நாள் வாய்க்கால் ஓரமாக அலைந்தது. குனிந்து தண்ணீர் குடிக்கும். குடித்த தண்ணீர் அப்படியே கழுத்து வழியாகக் கீழே கொட்டும். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. அதற்கு அப்புறம்தான் இந்தக் குரல் பெட்டி. ஏதாவது குறுக்கே அசைந்தால் பெட்டி பேசும். பன்றி மனிதக் குரலைக் கேட்டுத் திரும்பி ஓடும். யாருக்கும் சேதம் இல்லை. பேப்பரில்கூடப் போட்டிருந்தார்கள்.

"மத்த குரலுக்கு ஓடாதது என் குரலுக்கு மட்டும் ஏன் ஓடுது?" என்று கேட்டாள்.

"பழக்கிட்டோம்."

"எப்படிப் பழக்குனீங்க?"

"அது ஆபீஸ் விஷயம். வந்து சொல்றேன். சிக்னல் போகுது."

இணைப்பு அறுந்தது.

விதைக் கடையில் அவளோடு வேலை பார்ப்பவர்கள் சில நாட்களாக ஒரு மாதிரி சிரித்துக்கொண்டிருந்தது இப்போது அவளுக்கு விளங்கியது. 'ஆபீசரம்மா சாப்பிடக் கூப்பிட்டா பன்னிகூட ஊரைவிட்டு ஓடுதாமே, அப்படி என்னதான் சமைப்பீங்க?' என்று மூட்டை தூக்குபவர் கேட்டபோது கணவர் ஏதோ கிண்டல் செய்து வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தாள். தூரத்து வயல்களில் எத்தனை நாளாகவோ அவள் குரல் இருட்டில் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஊரே கேட்டிருக்கிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

அடுப்பை அணைத்தாள். பின்வாசலுக்கு வந்து, சொந்த வாயால் கூப்பிட்டாள்.

"பாப்பா, வா. நேரமாச்சு."

வேண்டுமென்றே வேறு மாதிரிக் கூப்பிட்டாள். கொஞ்சலில்லாமல். பதில் இல்லை.

பாப்பா சாயங்காலம் ஆனால் பக்கத்து வீட்டில்தான் இருப்பாள். அங்கே டிராக்டர் அக்கா இருக்கிறாள். ஊரில் டிராக்டர் ஓட்டும் ஒரே பெண். அதன் டயர் மேல் ஏறி உட்கார்ந்து பாப்பா கதை அளப்பாள். அம்மா கூப்பிட்டதும், 'வர்றேம்மா' என்று ஒரு கத்து கத்திவிட்டு ஓடி வருவாள். தினமும் நடப்பதுதான்.

இன்று டயர் மேல் யாரும் இல்லை. டிராக்டருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"அக்கா, பாப்பாவை அனுப்புங்க."

கால்கள் அசைந்தன. கிரீஸ் பூசிய முகம் வெளியே வந்தது.

"யாரை அனுப்பணும்?"

"பாப்பாவைத்தான்."

"அவ அப்பவே போயிட்டாளே."

"எங்க?"

"எங்கன்னா? நீதானே கூப்பிட்ட?" டிராக்டர் அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எழுந்தாள். "சாப்பாடு ஆறுதுன்னு கூப்பிட்ட. என் காதுலயும் விழுந்துச்சு. 'அம்மா இன்னிக்கு ஒளிஞ்சு விளையாடுறாங்க, குரல் அந்தப் பக்கம் கேக்குது'ன்னு சொல்லிட்டு ஓடினா."

"எந்தப் பக்கம்?"

டிராக்டர் அக்காவின் கை பாதி உயர்ந்தது. சோளக் காட்டைக் காட்டியது. காட்டும்போதே அவள் முகம் மாறியது.

"நீ கூப்பிடலையா?"

சோளத்துக்குள்ளிருந்து அந்தக் குரல்தான் பதில் சொன்னது. டங், டங். பாப்பா... வாடா கண்ணு.

"நான் ரோட்டுப் பக்கமா வண்டியை எடுத்துட்டுப் போறேன்" என்றாள் டிராக்டர் அக்கா. குரல் தாழ்ந்திருந்தது. "வாய்க்காலைச் சுத்தி வந்துருவேன். வழியில ஆளுங்க கிடைச்சா கூட்டிட்டு வரேன். நீ இந்தப் பக்கமா போ. கூப்பிட்டுக்கிட்டே போ."

அவள் சோள வரப்பை நோக்கி ஓடினாள். கூப்பிட வாயைத் திறந்தபோது கையில் போன் அடித்தது. கணவர்.

"சிக்னல் போயிடுச்சு. என்ன கேட்ட, எப்படிப் பழக்குனோம்னா..."

"பாப்பாவைக் காணோம்" என்றாள். "பெட்டி கூப்பிட்டதைக் கேட்டு, நான்னு நினைச்சு, சோளத்துக்குள்ள போயிட்டா."

மறுமுனையில் பிரேக் கீச்சிட்டது.

"நீ கூப்பிட்டியா? இப்ப, வெளியில, நீ சத்தம் போட்டியா?"

"இல்ல, இப்பத்தான் கூப்பிடப்..."

"கூப்பிடாதே."

அவள் நின்றுவிட்டாள்.

"நான் சொல்றதைக் கேளு. வாயைத் திறக்காதே. பெட்டி எல்லாத்துலயும் அடியில ஒரு சுவிட்ச் இருக்கும். கண்ணுல படுறதை அணைச்சுக்கிட்டே போ. பேசாம போ."

"ஏன்?"

"போன வாரம் ரெண்டு பெட்டி உடைஞ்சு கிடந்துச்சு. மாடு முட்டியிருக்கும்னு நினைச்சேன். நேத்து இன்னொண்ணு. மாடு இல்ல."

"என்னங்க சொல்றீங்க? தெளிவா சொல்லுங்க."

அவர் சொன்னார். திக்கித் திக்கி, பாதியை விழுங்கி. ஆபீசுக்குப் பின்னால் ஒரு பட்டி. தரை முழுக்கக் கம்பி. பிடித்த பன்றியை உள்ளே விட்டு முதலில் குரலைப் போடுவார்கள். குரல் முடிந்ததும் தரையில் கரண்ட். மறுபடியும் குரல், மறுபடியும் கரண்ட். சாகாத அளவுக்குத்தான். அப்படியே நாள் முழுக்க. அப்புறம் காதில் மஞ்சள் அட்டை போட்டு விட்டுவிடுவார்கள். வெளியே போய் அந்தக் குரலைக் கேட்டால் போதும், குலை நடுங்கி ஓடும். அதன் கூட்டமும் சேர்ந்து ஓடும்.

"ஒரு தாய்ப்பன்னி மட்டும் ஓட இடமில்லாம பெட்டி மேல பாய்ஞ்சுது. பெட்டி விலை உனக்குத் தெரியாது. உடைஞ்சிடுமேன்னு நான் கரண்டை அணைச்சேன். மறுபடியும் பாய்ஞ்சுது. மறுபடியும் அணைச்சேன். ஒவ்வொரு தடவையும்..." அவர் குரல் கரகரத்தது. "அது வேற பாடம் படிச்சிருக்கு. இப்பத்தான் புரியுது. அந்தக் குரலைக் கடிச்சா வலி நின்னுடும்னு படிச்சிருக்கு. அதுகூட இருக்கிறதுங்களும் படிச்சிருக்கும்."

அவளுக்குக் கால் கூசியது. நிற்கிற மண்ணுக்கு அடியில் கம்பி ஓடுவதுபோல் இருந்தது.

"அது இப்ப பெட்டியைப் பார்த்து ஓடல" என்றார் அவர். "தேடி வருது."

சோளத்துக்குள் நுழைந்தாள்.

உள்ளே வெளிச்சம் சட்டென்று பாதியானது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த தட்டைகள் இரண்டு பக்கமும் நெருக்கின; காய்ந்த தோகைகள் கையையும் கன்னத்தையும் மெல்லிய கத்தியாகக் கீறின; பூந்தாது மூக்கில் ஏறிக் காறியது; பகல் முழுக்கக் குடித்த வெயிலை மண் இன்னும் கக்கிக்கொண்டிருந்ததால் புழுங்கிய பசுமை வாசம் தொண்டையில் துணி மாதிரி அடைத்தது. ஒவ்வொரு அடிக்கும் தோகை சரசரத்தது. அவள் நின்றால் அந்தச் சரசரப்பு நிற்க வேண்டும். நின்றது. ஆனால் ஒரு நொடி தாமதமாக நின்றது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்றாக இருக்கும்.

மகளின் பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைத் துப்ப முடியாமல், விழுங்கவும் முடியாமல், உதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டு நடந்தாள். ஒரு தாய்க்கு இதைவிடக் கொடுமையான தண்டனை உண்டா? பிள்ளையைக் காணவில்லை, கூப்பிடக் கூடாது.

டங், டங்.

கைக்கு எட்டும் தூரத்தில். அவள் பின்னால் சாய்ந்தாள். வரப்பு முனையில் இடுப்பு உயர இரும்புக் குச்சி, அதன் தலையில் சாம்பல் நிறப் பெட்டி. பச்சைப் பொட்டாக ஒரு விளக்கு மினுங்கியது. அவள் குறுக்கே வந்ததைப் பார்த்துவிட்டது. நேருக்கு நேராக அவளையே அது அழைத்தது.

"பாப்பா... வாடா கண்ணு. சாப்பாடு ஆறுது பார்."

இவ்வளவு அன்பாகவா பேசுகிறேன் என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்குள்ளும் சூடு இருந்தது. இந்தச் சூட்டோடு சேர்த்துத்தான் அந்த மிருகங்களுக்குக் கரண்டைக் கொடுத்திருக்கிறார்கள். வாடா கண்ணு என்று சொல்லி, கொடுத்திருக்கிறார்கள். பெட்டியின் அடியைத் தடவி சுவிட்சை அழுத்தினாள். பச்சை அணைந்தது.

அப்போதுதான் அது கேட்டது. சோளக் காட்டின் நடுவிலிருந்து, மெலிதாக, சிரிப்போடு.

"வர்றேம்மா!"

பாப்பா.

அவள் ஓடினாள். வரிசை பார்க்காமல், தட்டைகளை முறித்துக்கொண்டு, கன்னத்தில் விழும் தோகைகளைப் பொருட்படுத்தாமல் ஓடினாள். எங்கே? இன்னும் கொஞ்சம். இதோ, இந்த மடைக்கு அந்தப் பக்கம். இருக்கிறாள், பத்திரமாக இருக்கிறாள். சிரிக்கிறாள்.

மடையைத் தாண்டியதும் கால் தடுமாறி நின்றாள்.

இரும்புக் குச்சி. பச்சைப் பொட்டு. அவள் அசைவைப் பார்த்து அது மறுபடியும் ஆரம்பித்தது. கரண்டித் தட்டு. அழைப்பு. ஒரு சின்ன இடைவெளி. அதற்குப் பிறகு தூரத்திலிருந்து கேட்பதுபோல், பெட்டிக்குள்ளிருந்தே, பாப்பாவின் குரல்.

"வர்றேம்மா!"

அன்று சாயங்காலம் மகள் சொன்ன பதிலும் பதிவில் சேர்ந்துவிட்டிருக்கிறது. அவர் அதை வெட்டவில்லை.

அவள் அந்தப் பெட்டியையும் அணைத்தாள். அணைத்த கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து வந்த கேவலை உள்ளங்கைக்குள்ளேயே கடித்தாள். இனி எந்தக் குரலை நம்புவது? பாப்பாவுக்கும் இப்படித்தானே இருக்கும்? ஒவ்வொரு பெட்டியாகப் போய், அம்மாவைக் காணாமல், அடுத்த பெட்டி கூப்பிட, அங்கே போய்...

அடுத்த பெட்டி பேசவில்லை. கிடந்தது.

குச்சி வளைந்து தரையில் படுத்திருந்தது. பெட்டியின் முகத்தையே காணோம். உள்ளிருந்த காகிதக் கூம்பு மட்டும் தனியாக மென்று துப்பப்பட்டு, எச்சில் ஈரத்தோடு மண்ணில் ஒட்டியிருந்தது. அவள் தொட்டுப் பார்த்தாள். ஈரம் இன்னும் சூடாக இருந்தது. சுற்றியிருந்த மண் மண்வெட்டியால் கிளறியதுபோல் கிளறப்பட்டிருந்தது. அங்கே ஒரு வாசம். நனைந்த சாக்கு, அழுகிய வேர், பழைய ரத்தம். எல்லாம் கலந்த வாசம். அது நகர்ந்துகொண்டிருந்தது. காற்று இல்லாமலேயே நகர்ந்துகொண்டிருந்தது.

வலது பக்கம், இரண்டு மூன்று வரிசை தள்ளி, ஒரு உறுமல்கூட இல்லை. மூச்சு. கனமான மூச்சு. ஒன்றல்ல.

அவள் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையை உள்ளே புதைத்துக்கொண்டு. தோகைகள் சரசரத்தன. அவளைக் கடந்தன. போயின.

அவளைத் தேடவில்லை. சத்தம் போடாத வரைக்கும் அவள் யாரோ.

வெகு நேரம் ஆனதுபோல் இருந்தது. உண்மையில் இருட்டுவதற்குள் நடந்ததுதான் எல்லாம்; தலைக்கு மேல் வானம் இன்னும் சாம்பலாகத்தான் இருந்தது. போன் அதிர்ந்தது. எடுத்தால் பேச வேண்டும். எடுக்கவில்லை. அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது.

"அம்மா, எங்க ஒளிஞ்சிருக்க?"

அவள் தலை நிமிர்ந்தது.

"போதும்மா, நான் தோத்துட்டேன். வெளிய வா."

இது பதிவில் இல்லாத வார்த்தை. இது பெட்டி இல்லை. பாப்பா. நிஜப் பாப்பா. குரலில் சிரிப்பு குறைந்து அழுகை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வன எல்லைப் பக்கமிருந்து வந்தது.

அவள் தவழ்ந்தாள். பிறகு குனிந்து ஓடினாள். சோளம் சட்டென்று முடிந்தது. முகம் கம்பி வலையில் மோதியது.

வேலி. வயலையும் வனத்தையும் பிரிக்க அவள் கணவர் போட்டது. இரண்டு ஆள் உயரம். ஏற முடியாத சின்னச் சின்ன வலைக்கண்கள். அடியில் ஓரிடத்தில் பன்றிகள் மண்ணைப் பறித்து ஒரு பள்ளம் செய்திருந்தன. அதன் விளிம்பில் ஒரு சின்னக் கால் தடம்.

வேலிக்கு அந்தப் பக்கம் வெட்டவெளி. அதற்கு அப்பால் மரங்கள், கறுப்பாக. வெட்டவெளியின் நடுவில் ஒரு இரும்புக் குச்சி. பச்சைப் பொட்டு. அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள் பாப்பா.

பெட்டி அவளிடம் பேசியது. வாடா கண்ணு.

"வந்துட்டேனே" என்றாள் பாப்பா அதைப் பார்த்து. "நீ எங்க?"

அவள் பள்ளத்தில் படுத்துத் தலையை நுழைத்தாள். தலை போனது. தோள் சிக்கியது. கம்பி முனை முதுகில் இறங்கியது. உந்தினாள். இன்னும் ஆழமாக இறங்கியது. பின்னால் இழுத்துக்கொண்டு மண்ணைக் கையால் பறித்தாள். நகம் மடங்கியது. மறுபடியும் பறித்தாள்.

சோளம் விலகியது.

அவள் பக்கத்தில்தான். எட்டிப் பிடிக்கிற தூரத்தில். முதலில் மூக்கு வந்தது. பிறகு தலை. பிறகு ஒரு சின்ன வண்டி அளவுக்கு உடம்பு. ஒரு காதில் மஞ்சள் அட்டை. தாய்ப்பன்றி. அதற்குப் பின்னால் இன்னும் தலைகள். இன்னும்.

பள்ளத்தைப் பார்த்தது அது. பெட்டியைப் பார்த்தது.

அவளுக்குள் ஏதோ ஒன்று தெளிந்தது. பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அந்தக் குரல்தானே உனக்கு வேண்டும்? அது என்னிடம்தான் இருக்கிறது. பெட்டியில் இருப்பது வெறும் நகல். இங்கே வா. என்னிடம் வா. பிள்ளையை விடு.

நிமிர்ந்து நின்றாள். வேலியில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

"பாப்பா... வாடா கண்ணு!"

வந்தது ஒரு கரகரப்பு. தகரத்தை இழுத்ததுபோல. பூந்தாதும் பயமும் அடக்கிய அழுகையும் அடைத்துக்கொண்ட தொண்டையிலிருந்து, யாரோ ஒரு கிழவனின் ஓலம் மாதிரி வந்தது. இழுப்பு இல்லை. கொஞ்சல் இல்லை. சூடு இல்லை.

பன்றி அவளைத் திரும்பிப் பார்த்தது. மூக்கை நீட்டி அவள் முழங்காலை முகர்ந்தது. மஞ்சள் அட்டை தொங்கிய காது அசையவே இல்லை.

"வாடா கண்ணு! சாப்பாடு... சாப்பாடு ஆறுது!"

இன்னும் மோசமாக வந்தது. மார்பில் குத்திக்கொண்டாள். தொண்டையைப் பிடித்துப் பிசைந்தாள். எச்சில் விழுங்கினாள். மறுபடியும். மறுபடியும். தினமும் கூப்பிடுகிற குரல். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. அதைத் தேடித் தேடி அலறினாள். அது அவளுக்குள் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் பாப்பா நடுங்கிப்போய்த் திரும்பினாள். மங்கிய வெளிச்சத்தில் சோளத்து ஓரமாக ஏதோ ஒரு உருவம் கையை ஆட்டிக்கொண்டு கத்துவது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. இரண்டு கைகளாலும் குச்சியைக் கட்டிக்கொண்டாள். பெட்டியோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டாள்.

"அம்மா, பயமா இருக்கு" என்று பெட்டியிடம் சொன்னாள். "யாரோ கத்துறாங்க."

பெட்டி பேசியது. தெளிவாக. கனிவாக.

பன்றியின் காது நிமிர்ந்தது.

"இல்ல, நான்தான்! பாப்பா, நான்தான் அம்மா! அதை விடு! ஓடு!" கரகரப்பு. கரகரப்பு மட்டும். அவள் பன்றியின் முதுகில் விழுந்தாள். முடியைப் பற்றினாள். அது ஒரு தடவை உடம்பை உதறியது; அவள் மண்ணில் கிடந்தாள். அவளைக் கடிக்கவில்லை. அவள்மேல் அதற்குக் கோபமே இல்லை.

முன்னங்காலை மடக்கியது. பள்ளத்தில் தலையைக் கொடுத்து, மூக்கால் மண்ணை வாரித் தள்ளி வலையை மேலே நெம்பியது. கம்பி முனைகள் முதுகில் கோடு போட, நிதானமாக அந்தப் பக்கம் போனது. பின்னால் அடுத்தது. அதன் பின்னால் அடுத்தது.

பாப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்க மூடியிருந்தாள். கூப்பிடுகிற அம்மாவின் மேல் முகத்தை வைத்து இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.